எட்டுப் பல்லும் ஒரு கிராஃபிக்ஸ் கார்டும்

மேல்தாடையைத் திருப்பினால் என் கம்ப்யூட்டர் நின்றுவிடும். கீழ்த்தாடை என்றால் கொஞ்சம் முனகிவிட்டுத் திரும்பும். ஒற்றைப் பல் என்றால் பிரச்சினையே இல்லை, ராஜா மாதிரி வேலை செய்யும். பதினோரு வருஷம் உழைத்த பெட்டி அது. இந்த வீட்டில் என்னை எதிர்த்துப் பேசாத ஒரே ஜீவன் என்று அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் அதுவும் பேச ஆரம்பித்துவிட்டது.

எங்களுக்குப் பல் செய்கிற தொழில். டாக்டர்கள் இல்லை நாங்கள். டாக்டர்கள் வாயில் பொருத்துகிற பல்லைச் செய்து கொடுக்கிற லேப். வீட்டின் முன்பக்கத்து இரண்டு அறைகள், மூன்று பேர். கம்ப்யூட்டரில் பல்லை வடிவமைப்பது நான். அதை மெஷினில் ஏற்றி, பால் வெள்ளையாக இருக்கும் ஒரு கட்டியிலிருந்து குடைந்தெடுப்பது என் கொழுந்தன். அதன்மேல் பீங்கான் பூச்சு வைத்துச் சூளையில் சுட்டு, பார்க்கிறவர்கள் பிறவிப் பல் என்றே நம்புகிற மாதிரி ஆக்குவது என் வீட்டுக்காரர். மூன்று பேரில் அவர் பேசுவது குறைவு. அந்தக் குறையை நானும் கொழுந்தனும் சேர்ந்து தீர்த்து வைத்துக்கொண்டிருந்தோம்.

கொழுந்தனை நான் இன்ஜினியர் என்றுதான் கூப்பிடுவேன். அவன் படித்தது வணிகவியல், அதிலும் பாதி. ஆனால் கெட்டுப்போன பொருள் எதைக் கண்டாலும் திறந்து பார்க்காமல் அவனால் இருக்க முடியாது. திறந்ததில் முக்கால்வாசியைத் திரும்ப மூடியும் இருக்கிறான். அதனால் அந்தப் பட்டம் முழுக்கக் கேலி என்று சொல்லமாட்டேன்.

அந்தத் திங்கட்கிழமை காலை எங்கள் டாக்டரம்மா ஒரு நோயாளியை அனுப்பிவைத்தார். நிறம் பார்க்க. பக்கத்துப் பற்களோடு பொருந்துகிற நிறத்தை என் வீட்டுக்காரர் ஜன்னல் வெளிச்சத்தில் நேரில் பார்த்துத்தான் முடிவு செய்வார். வந்தவர் ஐம்பதை நெருங்குகிற ஒரு அம்மா. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார். மழை நாளில் படியில் வழுக்கி, கைப்பிடிக் கம்பியில் முகம் மோதியதாம். மேல்வரிசையில் நாலு முன்பற்கள் அடியோடு போய், இரண்டு பக்கமும் இருந்த கோரைப்பற்கள் பாதி உடைந்திருந்தன. தற்காலிகமாக ஒரு தட்டுப்பல் மாட்டியிருந்தார். அது நாக்கை இடித்ததால் அவர் பேசியது, வாயில் சோற்றுக் கவளத்தை வைத்துக்கொண்டு பேசுவது போல இருந்தது.

"எங்க வேலை பாக்கறீங்க?" என்று கேட்டேன்.

"ரயில்வே ஸ்டேஷன். அறிவிப்பு சொல்றது."

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். பதினாலு வருஷமாக எனக்குத் தெரிந்த குரல் அது. முகம் அன்றைக்குத்தான் தெரிந்தது. எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது என்று அவர் சொன்னால், மூட்டை முடிச்சோடு நிற்கிற கிழவருக்கும் ஒரே தடவையில் புரியும். மூன்று மாதமாக வேறு யாரோ ஒருத்தர் சளி பிடித்த தொண்டையோடு சொல்லிக்கொண்டிருந்தார். மாற்றலாகிப் போய்விட்டார் போல என்று நினைத்திருந்தேன்.

அந்த அம்மா கைக்குட்டையை எடுக்காமலே மீதியைச் சொன்னார். இப்போது அவரைக் கோப்பு அறையில் உட்காரவைத்திருக்கிறார்களாம். அடுத்த திங்கட்கிழமை காலை குரல் சோதனை. பழையபடி பேச வந்தால் மைக் அவருக்கு. வராவிட்டால் கம்ப்யூட்டர் குரலை மாட்டிவிடப் போகிறார்கள், இவருக்கு ஓய்வு பெறும்வரை கோப்பு அறைதான்.

"எனக்கு வேற எதுவும் தெரியாதும்மா," என்றார். அதில் 'த' வரவில்லை. 'த' சொல்ல நாக்கு முன்பல்லின் பின்பக்கத்தைத் தொடவேண்டும். அவருக்குத் தொட அங்கே ஒன்றும் இல்லை, ஒரு பிளாஸ்டிக் தட்டுதான் இருந்தது.

ஒரு வாரத்தில் எட்டுப் பல் தொடர்: போன நாலு, உடைந்த இரண்டு, பிடிமானத்துக்குப் பக்கத்துக்கு ஒன்று. டாக்டரம்மா கணக்கு தெளிவாக இருந்தது. வியாழன் மதியத்துக்குள் என் டிசைன் முடியவேண்டும். அன்றைக்கே குடைந்து சூளையில் வைத்தால் வெள்ளிக்கிழமை பீங்கான் வேலை, சனிக்கிழமை பொருத்துவது, திங்கட்கிழமை சோதனை. வெளியூரில் இருக்கிற பெரிய லேபில் பத்து நாள் கேட்டார்களாம். செய்துவிடுகிறேன் என்று நான் சொன்னேன். அந்த அம்மா போனதும், டாக்டரம்மா அனுப்பின ஸ்கேன் கோப்பைக் கம்ப்யூட்டரில் திறந்தேன். இரண்டு தாடை, அதன்மேல் முகத்தின் முழு ஸ்கேன். திரையில் ஒரு அறிவிப்பு வந்தது: இந்த கிராஃபிக்ஸ் கார்டு போதாது. மீறி மேல்தாடையைத் திருப்பினேன். கம்ப்யூட்டர் நின்றது.

மறுநாள் காலை நானும் இன்ஜினியரும் கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம். போவதற்கு முன் அவன் பெட்டியைத் திறந்து உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்துகொண்டான். எதை வைத்து? பல்லை அளக்கிற வெர்னியரை வைத்து. அது பதினைந்து சென்டிமீட்டருக்கு மேல் திறக்காது. அதனால் நடுவில் பென்சில் கோடு போட்டு இரண்டு தவணையாக அளந்து, கூட்டி, உள்ளங்கையில் எழுதிக்கொண்டான். இருநூற்று அறுபத்தேழு புள்ளி நாலு மில்லிமீட்டர்.

கடை நடத்துகிறவர் ஒரு அம்மா. மூக்குக் கண்ணாடி நெற்றிக்கு மேலே, கொண்டையில் குத்தின சின்ன ஸ்க்ரூடிரைவர்.

"கார்டு எதுக்குங்க? கேமுக்கா, வீடியோவுக்கா?"

"பல்லுக்கு," என்றேன்.

அவர் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். விளக்கிச் சொன்னேன். என்ன சாஃப்ட்வேர், பவர் சப்ளை எத்தனை வாட், எந்த அளவு பெட்டி, அது எந்த ரூமில் இருக்கிறது என்று வரிசையாகக் கேட்டார். டாக்டரைவிட நன்றாக விசாரிக்கிறாரே என்று தோன்றியது. கடைசிக் கேள்விக்கு லேபில் என்று மட்டும் சொன்னேன். அவர் உள்ளே போய் ஒரு சின்னக் கார்டைக் கொண்டுவந்தார். கையகலம், இரண்டு விசிறி.

"உங்க சாஃப்ட்வேர் கேக்கற மெமரி இதுல இருக்கு. உங்ககிட்ட இருக்கற பவர் சப்ளையே இதுக்குத் தாங்கும். இது போதும்மா."

இன்ஜினியர் அதைப் பார்க்கவே இல்லை. அவன் கண் அலமாரியில் இருந்த இன்னொன்றின் மேல் இருந்தது. மூன்று விசிறி, செங்கல் கனம்.

"அது?"

"அது கேம் ஆடறவங்க வாங்கறது. நீளம் இருநூத்தி அறுபத்தேழு. பவர் சப்ளையும் மாத்தணும்."

அவன் உள்ளங்கையை என் முன்னால் விரித்தான். "அண்ணி, புள்ளி நாலு மிச்சம்!"

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிடவேண்டும். ஆசைப்பட்டது அவன், முடிவு செய்தது நான். 'இது போதும்' என்று அந்த அம்மா சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. பதினோரு வருஷமாகப் போதும் போதும் என்று ஓட்டின வண்டிதானே இது? ஒரு தடவையாவது வேண்டியதற்கு மேல் வாங்கிப் பார்க்கவேண்டும் என்று ஒரு வீம்பு வந்துவிட்டது.

"பெரிசையே குடுங்க," என்றேன்.

"அம்மா, அது நல்லா சூடாகும். மூச்சு விட இடம் வேணும். இப்படி இறுக்கிப் பிடிச்சா..."

"எங்க தொழில்ல இடம் விட்டா டாக்டர் மூஞ்சியில எறிவாருங்க. ஒரு தலைமுடி நுழைஞ்சாலும் அது பல் இல்ல. புள்ளி நாலுங்கறது எங்களுக்கு ஒரு மைதானம்."

நான் சொல்லிச் சிரித்தேன், இன்ஜினியரும் சிரித்தான். அந்த அம்மா சிரிக்கவில்லை. "சரி, உங்க இஷ்டம். டப்பாவை மட்டும் தூக்கிப் போட்டுடாதீங்க," என்று சொல்லிப் பில் போட்டார்.

வீட்டுக்கு வந்து, கூடவே வாங்கின புது பவர் சப்ளையோடு மாட்டினோம். ஒரு பல்லைக் கட்டையில் உட்காரவைப்பது போலக் கார்டு கச்சிதமாக உட்கார்ந்தது. இன்ஜினியர் மூடியைப் போட்டுத் திருகினான். மீதி என் வேலை. எங்கள் மெஷின் குடையும்போது பறக்கிற தூள் மைதா மாவைவிட மெல்லியது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அது இந்தப் பெட்டிக்குள் புகுந்து, ஒரு மாத வேலையைக் கெடுத்தது. அன்றிலிருந்து பெட்டியை யார் திறந்து மூடினாலும், லேப் மெழுகை உருக்கி, பொருத்து, இடுக்கு, பின்பக்கத்துத் துளைகள் எல்லாவற்றையும் நானே அடைத்துவிடுவேன். அடியில் ஒரு துளையை மட்டும் மெல்லிய துணி கட்டி விட்டுவைப்பேன். பல்லின் ஓரம் ஈறோடு சேர்கிற இடத்தைப் பூசுகிற அதே கை, அதே கத்தி. வேறு யாரையும் தொடவிடமாட்டேன். அன்றைக்கும் அடைத்தேன், அழகாக, இளஞ்சிவப்பில்.

கம்ப்யூட்டரைப் போட்டேன். மேல்தாடையைத் திருப்பினேன். பம்பரம்! அப்படியொரு சுற்று சுற்றியது. முகத்தை அதன்மேல் வைத்தேன், உதட்டை ஏற்றி இறக்கினேன், எதற்கும் அது அலட்டிக்கொள்ளவில்லை. "என்னங்க, இங்க வந்து பாருங்களேன்" என்று வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். அவர் பார்த்து, "நல்லாருக்கு" என்றார். அவர் வாயிலிருந்து அது ஒரு சொற்பொழிவுக்குச் சமம்.

ஒன்றரை மணி நேரத்தில் திரை கறுத்தது.

மறுபடி போட்டேன். ஒரு மணி நேரம் ஓடியது, கறுத்தது. இன்ஜினியர் பவர் சப்ளையில் சந்தேகப்பட்டு வயர்களைப் பிடுங்கி மாட்டினான். நான் அவசரத்தில் மூடியின் பொருத்தில் மட்டும் திரும்ப மெழுகு வைத்தேன். புதன்கிழமை காலை போட்டதும் அரை மணிதான். அதுவரை நான் செய்த நாலாவது பல் சேமிக்காமலே போனது.

எனக்குக் கோபம் வந்தால் எதிரே இருப்பவர் யார் என்று பார்க்கமாட்டேன். எதிரே இன்ஜினியர் இருந்தான்.

"பெரிசு பெரிசுன்னு குதிச்சியே! உன் பேச்சைக் கேட்டேன் பாரு, என்னைச் சொல்லணும். இந்த வீட்டுல இத்தனை வருஷத்துல ஒரு வேலையாவது உருப்படியா முடிச்சிருக்கியா நீ?"

அவன் கையில் இருந்த ஸ்க்ரூவை மேஜைமேல் ஓரமாக, உருளாத மாதிரி வைத்துவிட்டுப் பக்கத்து அறைக்குப் போனான். வீட்டுக்காரர் பீங்கானிலிருந்து தலையைத் தூக்கி என்னை ஒரு பார்வை பார்த்தார், திரும்பக் குனிந்துகொண்டார். அவர் திட்டியிருந்தால்கூட நான் சமாளித்திருப்பேன்.

அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா போன். "நாளைக்கு மதியம் ரெடியாயிடும்ல? இல்லேன்னா இப்பவே சொல்லிடுங்க. அந்தம்மா தினமும் எனக்குப் போன் பண்ணி, 'முடியுமா டாக்டர்'னு கேக்கறாங்க. அவங்க கேக்கறதே எனக்குப் பாதி புரியல."

முடியும் என்றேன். நான் வீம்புக்கு ஒரு கார்டு வாங்கியதால் ஒருத்தர் காலம் முழுக்கக் கோப்பு அறையில் உட்காரப் போகிறார். கடைக்காரம்மாவுக்குப் போன் செய்தேன். ஒருத்தர் வேலையே இந்தப் பல்லில் இருக்கிறது, பெட்டியைக் கொண்டு வரட்டுமா என்று கேட்டேன்.

"யாருக்குப் பல்லுன்னு சொன்னீங்க?" என்று அவர் கேட்டார்.

சொன்னேன். "அந்தக் குரலா? நான் தினமும் ரயில்ல வர்றவ. மூணு மாசமா எந்த வண்டி எங்க நிக்குதுன்னு புரியாம மேல ஏறிக் கீழ இறங்கி ஓடறேன். நீங்க வராதீங்க, நான் வரேன்," என்றார்.

கடையைச் சாத்திவிட்டு, ஒரு துணிப்பையோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். லேப் வாசலிலேயே நின்று மூக்கைச் சுருக்கினார்.

"இங்க என்னம்மா மெழுகு வாசனை?"

"லேப்ல மெழுகு வாசனை வராம மல்லிகைப்பூ வாசனையா வரும்?" என்றேன். உதவிக்கு வந்தவரிடம் பேசுகிற பேச்சா அது? ஆனால் எங்கள் மூன்று பேருக்கும் உண்மையிலேயே எந்த வாசனையும் தெரியவில்லை. இருபது வருஷமாக அதற்குள்ளேயே இருக்கிறோம்.

அவர் நேராகப் போய்ப் பெட்டியின் பின்னால் கையை விட்டார். வெளியே எடுத்தபோது விரல் நாலும் இளஞ்சிவப்பு. மெழுகு உருகி, பின்பக்கம் முழுக்க வழிந்து, மேஜைமேல் சொட்டிக் குட்டையாக நின்றிருந்தது. திரையைப் பார்த்து வேலை செய்கிறவள் நான். அதன் முதுகை எதற்காகப் பார்க்கப்போகிறேன்?

"ஐயோ கடவுளே," என்றார் அந்த அம்மா. "மூச்சு விட இருந்த வழியெல்லாம் அடைச்சு, உள்ள மூணு விசிறி நெருப்பை வெச்சிருக்கீங்களே. இது நின்னு போனது உங்க நல்ல நேரம். தன்னைத்தானே காப்பாத்திக்கிட்டு நிக்குது. யாரு இதை அடைச்சது?"

பழைய கார்டுக்குச் சூடு ஏறாது, அதனால் மூன்று வருஷம் பிழைத்தது. இதெல்லாம் அவர் பிறகு சொன்னது. அந்த நேரத்தில் எனக்குக் காதில் எதுவும் ஏறவில்லை. வாயைத் திறக்கப் பார்த்தேன், வரவில்லை. எல்லோரையும் வாய் கூசாமல் கேட்கிறவளுக்கு, 'நான்' என்கிற ஒரு சொல் வரவில்லை.

"நான்தாங்க அடைச்சேன்," என்றான் இன்ஜினியர்.

எப்போது வந்து வாசற்படியில் நின்றானோ தெரியாது. என்னைப் பார்க்காமல் கடைக்காரம்மாவைப் பார்த்துச் சொன்னான். அவர் அவனைத் திட்டுவதற்குத் தயாராகக் கண்ணாடியை இறக்கினார். ஒரு மூச்சு, இரண்டு மூச்சு நான் சும்மா இருந்தேன். இதை எழுதும்போதும் அந்த இரண்டு மூச்சுக்காக எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"அவன் இல்ல," என்றேன். "நான். அவன் மெழுகையே தொடமாட்டான். பெரிசா வாங்கணும்னு முடிவு பண்ணினதும் நான்தான். காலையில இவனை வாய்க்கு வந்தபடி பேசினதும் நான்தான்."

இன்ஜினியர் தலையைச் சொறிந்தான். "என்ன அண்ணி நீங்க. ஏற்கனவே திட்டு வாங்கியாச்சு, அது வீணாப் போகக்கூடாதேன்னு பார்த்தேன்."

முதலில் சிரித்தது என் வீட்டுக்காரர். அவர் சத்தம் போட்டுச் சிரித்து நான் கேட்டு எத்தனை வருஷம் ஆனதோ. அப்புறம் கடைக்காரம்மா. நான் சிரிக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மெழுகு சுரண்டுகிற கத்தியை எடுத்துவந்து அந்த அம்மா கையில் கொடுத்தேன்.

அடுத்த ஒரு மணி நேரம் அவர் வைத்ததுதான் சட்டம். கத்தியை என்னிடமே திருப்பித் தந்து, மெழுகை ஒரு பொட்டு விடாமல் சுரண்டச் சொன்னார். நான் சுரண்டினேன். பெரிய கார்டைக் கழற்றித் துடைத்து, அதன் டப்பாவில் வைத்துக்கொண்டார். துணிப்பையிலிருந்து அந்தச் சின்னக் கார்டை எடுத்தார். "நேத்து நீங்க உள்ளங்கையை விரிச்சுக் காட்டினதுமே இதை எடுத்துத் தனியா வெச்சுட்டேன்," என்று இன்ஜினியரிடம் சொன்னார். அவனுக்குக் காது சிவந்தது.

கார்டை மாட்டிய பிறகு பெட்டிக்குள் பாதி இடம் காலியாகக் கிடந்தது. அதைப் பார்க்கவே எனக்குக் கை துறுதுறுத்தது. எதையாவது வைத்து அடைக்கவேண்டும் போல இருந்தது.

"தூசிக்கு என்னம்மா பண்றது?" என்று கேட்டேன், இந்தத் தடவை பணிவாக.

"பெட்டி எதுக்கு இந்த ரூம்ல இருக்கணும்? நீங்க பாக்கப் போறது திரையைத்தானே?"

இன்ஜினியர் சுவரில் துளை போட்டான். பெட்டி அந்தப் பக்கம் கூடத்துக்குப் போய், செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், நாலு பக்கமும் காற்றுப் பட உட்கார்ந்தது. திரையும் மவுசும் என்னோடு நின்றன. கேபிள் போன துளையில் சுற்றியிருந்த இடுக்கை மட்டும் அடைத்துக்கொள்ள எனக்கு அனுமதி கிடைத்தது. மெழுகு வைத்து அல்ல, ப்ளாஸ்டர் வைத்து.

போகும்போது கடைக்காரம்மாவிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் வாசல்வரை கூடவே போனேன். எனக்குத் திட்ட வருகிற அளவுக்கு நன்றி சொல்ல வராது. "உங்களை நேத்து கேலி பண்ணினேன்," என்றேன். "பண்ணினா என்ன, இப்ப பல்லு நல்லா வரணும்," என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினார். தெரு முனை திரும்பும்வரை நின்றுகொண்டிருந்தேன்.

அன்று மதியமும் வியாழன் காலையும் அந்தச் சின்னக் கார்டு ஒரு தடவைகூட மூச்சு வாங்கவில்லை. பம்பரம் மாதிரி சுற்றவில்லை, உண்மைதான். நிதானமாக, நான் கேட்ட பக்கம் திரும்பியது. எனக்கு அதற்குமேல் தேவைப்படவும் இல்லை. அறிவிப்பு அம்மாவின் பழைய புகைப்படம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பல்லாக உட்காரவைத்தேன். முன்பற்களின் பின்பக்கம்தான் எனக்கு முக்கியம். அழகுக்காக அங்கே யாரும் பார்க்கமாட்டார்கள், நாக்குத்தான் பார்க்கும். அது கொஞ்சம் தடித்தால் 'த' மழுங்கும், மெலிந்தால் காற்றுப் பிரியும். முகத்தையும் தாடையையும் ஒன்றாக வைத்து, வாய் பேசும்போது நாக்கு எங்கே வரும் என்று பார்த்துப் பார்த்து இழைத்தேன். பழைய கார்டில் இது முடியவே முடியாது. பன்னிரண்டு மணிக்கு இன்ஜினியரிடம் ஒப்படைத்தேன். அவன் கட்டியை மெஷினில் பூட்டும்போது, "தம்பி, பாத்து," என்றேன். அவன் திரும்பிப் பார்த்தான். நான் அவனைத் தம்பி என்று கூப்பிட்டு வருஷங்கள் ஆகியிருக்கும்.

வெள்ளிக்கிழமை முழுக்க வீட்டுக்காரர் குனிந்த தலை நிமிரவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் கையை மட்டும் ஆட்டினார். சாயங்காலம் எட்டுப் பல்லையும் ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். ஐம்பது வயதுப் பல் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது, ஓரத்தில் லேசான தேய்மானமும் நுனியில் மெல்லிய மஞ்சளும். புதுசு மாதிரியே இல்லை. எங்கள் தொழிலில் இதற்கு மேல் பாராட்டு கிடையாது.

சனிக்கிழமை டாக்டரம்மா பொருத்திவிட்டார், சரியாக உட்கார்ந்தது என்று ஒரு வரி தகவல் அனுப்பினார். பேச்சு எப்படி என்று கேட்டேன். வாய் மரத்துப் போயிருக்கிறது, தெரியவில்லை என்றார். ஞாயிறு போனது. திங்கட்கிழமை மதியம்வரை போன் வரவில்லை. நானாகக் கேட்கவும் பயமாக இருந்தது. தேறவில்லை என்றால் அந்த அம்மாவிடம் என்ன பேசுவது?

சாயங்காலம் ஐந்து மணிக்கு இன்ஜினியர் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து நின்றான். "கிளம்புங்க அண்ணி. போன்ல கேட்டாத்தானா? நேராவே கேட்டுட்டு வரலாம்."

வீட்டுக்காரருக்குச் சூளையில் வேலை இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் போனோம். நடைமேடைச் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே நுழைந்தால் ஒரே கூட்டம். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்கள், சுமைகள், அழுகிற குழந்தைகள். ஒலிபெருக்கிக்கு நேர் கீழே ஒரு தூணில் சாய்ந்துகொண்டோம். கால் மணி நேரம் எந்த அறிவிப்பும் இல்லை. கம்ப்யூட்டர் குரல் வந்துவிட்டால் என்ன செய்வது, இவன் எதிரிலேயே அழுதுவிடுவேனோ என்றெல்லாம் மனசில் ஓடியது.

ஒலிபெருக்கி கரகரத்தது. மணி மூன்று தடவை அடித்தது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. தண்டவாளப் பராமரிப்புப் பணி காரணமாக, ஐந்தாம் நடைமேடைக்கு வந்து சேரவேண்டிய மாலை நேரப் பயணிகள் வண்டி, நாற்பது நிமிடம் தாமதமாக வந்து சேரும். தடங்கலுக்கு வருந்துகிறோம்."

அதே குரல். தண்டவாளம், ஐந்தாம், தாமதம், தடங்கல். ஒவ்வொன்றும் வெட்டி வைத்தது போல, நான் இழைத்த இடத்தில் நாக்கு பட்டுத் திரும்பி வந்த மாதிரி எனக்குக் கேட்டது. இன்ஜினியர் என் முழங்கையை இறுகப் பிடித்தான். நடைமேடை முழுக்க ஐயோ என்று ஒரு சலிப்பு எழுந்தது. பைகள் தொப்பென்று தரையில் விழுந்தன.

எங்களுக்குப் பக்கத்தில் நின்றவர் சாப்பாட்டுப் பையைத் தோளிலிருந்து இறக்கி வைத்தார். "நாப்பது நிமிஷம் லேட்டு! இந்த இழவைத்தான் என்னமா திருத்தமா சொல்றாங்க பாரு!" என்றார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டது. அவர் என்னை முறைத்தார். வண்டி தாமதம் என்றால் இவளுக்கு என்ன இவ்வளவு சந்தோஷம் என்று நினைத்திருப்பார். நியாயம்தானே.

"தம்பி," என்றேன். "நீ அன்னிக்கு நான்தான் அடைச்சேன்னு சொன்னே பாரு. அதை நான் சாகறவரைக்கும் மறக்கமாட்டேன்."

அவன் ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டு நின்றான். அதிலிருந்து கண்ணை எடுக்காமலே, "சரி, கேட்டாச்சு. போலாமா அண்ணி?" என்றான்.

"இரு," என்றேன். "பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை திருப்பிச் சொல்லுவாங்க."

அந்த வண்டியில் எங்களுக்கு வேண்டியவர் யாரும் வரவில்லை, நாங்கள் ஏறவேண்டியதும் இல்லை. தூணில் சாய்ந்தபடி இரண்டு பேரும் காத்திருந்தோம். சுற்றிலும் அத்தனை பேர் அது சீக்கிரம் வரவேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் ஒரு பத்து நிமிஷம் தாமதமாகட்டும் என்று நான் மட்டும் வேண்டிக்கொண்டேன்.